உடம்பு கிரே, பார்டர் செங்கல்: மியாட்டாவுக்கு கலர் எடுத்த கதை

2022ல மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவுல மியாட்டான்னு சொல்ற ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார், வாங்கலாம்னு முடிவு பண்ணப்போ இன்ஜின்லயோ கியர்லயோ எனக்கு ஒரு குழப்பமும் இல்ல. 2 லிட்டர், 181 குதிரை, ஆறு கியர் மேனுவல், ஒத்தக் கையால பின்னாடி தள்ளி மடக்குற துணிக்கூரை, அவ்ளோதான், முடிஞ்சுது. ஒன்றரை மாசம் தூக்கத்தக் கெடுத்தது கலருதான். வெளிய என்ன கலரு, உள்ள சீட்டு என்ன கலரு. வீடு வாங்கும்போது கூட இவ்ளோ யோசிக்கல, சத்தியமா.

எனக்கு வயசு 46, டல்லாஸ் பக்கத்துல இர்விங்ல இருக்கோம். பொண்ணு காலேஜுக்குப் போற வருஷம், ஏழு பேரு உக்கார்ற வேனை வித்தாச்சு, வீட்டுக்காரிக்கு ஒரு வெள்ளை எஸ்யூவி இருக்கு, அப்புறம் எனக்கு எதுக்கு இன்னொரு குடும்ப வண்டின்னு ஒரு நாள் தோணுச்சு. இப்ப ஆஃபீஸ்ல ரெண்டு பேரு இதே மாதிரி வண்டி பாத்துட்டு இருக்காங்க, ரெண்டு பேரும் எங்கிட்ட கேக்குறது மைலேஜ் இல்ல, "கலர எப்படிண்ணே முடிவு பண்ணீங்க"ன்னுதான். அதான் நான் பண்ண தப்பு உள்பட எல்லாத்தையும் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொதல்ல சிவப்புதான். அதுல சந்தேகமே இல்ல. 1999ல நான் மொத மொத நியூ ஜெர்சி வந்து எறங்குனப்போ பனி உருகி ஒரு வாரம் கூட ஆகல, குளிர்ல நான் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுட்டு பஸ்ஸுக்கு நிக்கிறேன், ஒரு தாத்தா கூரையத் தெறந்து வச்சுக்கிட்டு தொப்பி போட்டுக்கிட்டு சிவப்பு மியாட்டால போறாரு. அந்தக் கார் 1989 பிப்ரவரில சிகாகோ ஆட்டோ ஷோல மொத மொதல்ல காட்டுனாங்க, அமெரிக்காவுல வித்த ஆரம்பத்துல சிவப்பு, வெள்ளை, நீலம் மூணே கலருதான். அந்த சிவப்பு மண்டைல அப்படியே உக்காந்துடுச்சு. அதனால கம்பெனி சைட்ல கார கட்டிப் பாக்குற பக்கத்தத் தெறந்தா நான் கண்ண மூடிக்கிட்டு அழுத்துறது சோல் ரெட் கிரிஸ்டல். அதுக்கு மட்டும் தனியா அப்ப 595 டாலர். பரவால்ல, இருபத்து மூணு வருஷக் கனவுன்னு கொடுத்துருவோம்னு இருந்தேன்.

அப்பாகிட்ட வீடியோ கால்ல அந்தப் படத்தக் காட்டுனேன். எங்கப்பா கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடைல முப்பத்தோரு வருஷம் பட்டு செக்ஷன்ல நின்னவரு. கார் ஓட்டத் தெரியாது, கார்ல இஷ்டமும் இல்ல. படத்தப் பாத்துட்டு அவரு கேட்ட மொத கேள்வி, "உடம்பு இது சரி, பார்டர் என்ன?" எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆச்சு. உள்ள சீட்டக் கேக்குறாரு. கருப்புப்பான்னேன். அடுத்த கேள்வி, "வாசல்ல வச்சுப் பாத்தியா?"

அவரு கடைல இது தினசரி நடக்குற விஷயம். ட்யூப்லைட்டுக்குக் கீழ அரக்குன்னு நெனச்சு எடுத்த புடவை வெயில்ல பாத்தா மெரூனா இருக்கும், வெங்காயச் சருகுன்னு எடுத்தது வெளிய வந்தா வெளுத்துப் போன ரோஸா இருக்கும். அதனால கொஞ்சம் விவரமான அம்மாக்கள் புடவையக் கைல எடுத்துக்கிட்டு வாசப்படி வரைக்கும் போயிடுவாங்க, கூடவே எங்கப்பாவும் ஓடுவாரு, மொதலாளி பாத்துட்டே இருப்பாரு. "ஃபோன்ல பாத்து கலர் எடுக்குறவன் இருக்கானே"ன்னு அவரு பாதில நிறுத்துனாரு. மீதிய நானே பூர்த்தி பண்ணிக்கிட்டேன்.

சனிக்கிழமை டீலர்ஷிப்புக்குப் போனோம். அப்ப கார்ல போடுற எலக்ட்ரானிக் சிப்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம், வண்டி நிறுத்தி வைக்கிற லாட்ல வண்டியே கிடையாது, உள்ள ஒரே ஒரு சிவப்பு மியாட்டா நிக்குது, அதுவும் யாரோ புக் பண்ணது. ஷோரூம் எல்இடில அது செர்ரிப்பழம் மாதிரி ஜொலிக்குது. விக்கிறவருகிட்ட கெஞ்சிக் கூத்தாடி வெளிய எடுக்கச் சொன்னேன், ஒரு மாதிரி பாத்தாரு, ஆனா எடுத்தாரு. உச்சி வெயில்ல வந்ததும் அது வேற கார். மேல் பக்கம் வெயில் படுற எடத்துல மிளகாய்ப்பழச் சிவப்பு, கதவுக்குக் கீழ வளைஞ்சு இறங்குற எடத்துல கருஞ்சிவப்பு, கிட்டத்தட்ட கருப்பு. மயில் கழுத்துப் பட்டு இருக்குல்ல, பாவு ஒரு கலரு ஊடை ஒரு கலரு, ஆள் நடந்தா கலரும் கூடவே ஓடும், அதே சங்கதிதான் இதுவும். அடியில அலுமினியத் துகள் போட்ட ஒரு பூச்சு, அதுக்கு மேல கண்ணாடித்தாள் மாதிரி ஊடுருவித் தெரியுற சிவப்பு, அதுக்கு மேல கலரே இல்லாத கிளியர் கோட். வெயில் உள்ள போயி அடில பட்டுத் திரும்பி வரும்போது ரெண்டு தடவ அந்த சிவப்பக் கடந்து வருது, அதான் அந்த ஆழம். 2012ல வந்த சோல் ரெட்டை மாத்தி 2016ல இந்த கிரிஸ்டலக் கொண்டு வந்தாங்க. ஃபோன் கேமராவுக்கு இதெல்லாம் பிடிபடாது, எடுத்த படம் எல்லாத்துலயும் வெறும் சிவப்பு.

அதனால மொத விஷயம், எந்த மெட்டாலிக் கலரா இருந்தாலும் ஒரே வெளிச்சத்துல பாத்து முடிவு பண்ணாதீங்க. மத்தியான வெயில், சாயங்காலம், மேகமூட்டம், நிழல், நாலும் வேணும். நம்ம கண்ணுல பாதி நேரம் படப்போறது நிழல்ல நிக்கிற காருதான், ஆஃபீஸ் பார்க்கிங் கட்டடத்துலயும் வீட்டு கராஜ்லயும். கைல கொடுக்குற அந்தச் சின்ன கலர் சில்லு சுத்த வேஸ்ட், அது தட்டையா இருக்கு, காரு வளைஞ்சு நெளிஞ்சு இருக்கு.

கார வெளிய எடுத்ததும் நான் சுத்திச் சுத்தி வந்துட்டு இருக்கேன், வீட்டுக்காரி கூரையத் தெறக்கச் சொல்லிட்டு உள்ள ஏறி உக்காந்துட்டா. அஞ்சு நிமிஷம் கழிச்சு, "ஏங்க, இங்க வந்து உக்காருங்க"ன்னா. போனேன். "வெளிக்கலரு உள்ள வந்திருக்கு பாருங்க." பாத்தா நெசமாவே ஆமா. இந்தத் தலைமுறை மியாட்டால கதவோட உள்பக்கம் மேல் ஓரம், கண்ணாடி கீழ இறங்குற எடத்த ஒட்டி, வெளிய அடிச்ச அதே பெயிண்ட் கலர்லதான் இருக்கும். பானட்ல இருந்து ஒரு கோடு அப்படியே ஓடி வந்து நம்ம முழங்கைகிட்ட முடியும். நான் நூறு வீடியோ பாத்திருப்பேன், எதுலயும் இது என் கண்ணுல படல. சிவப்புக் கார்ல உக்காந்தா ரெண்டு பக்கமும் செவசெவன்னு ஒரு பட்டை, நம்ம கைமேல கூட லேசா அந்தச் சாயல் அடிக்குது.

"நீங்க இந்தக் கார வெளிய நின்னு எத்தன நேரம் பாப்பீங்க, உள்ள உக்காந்து எத்தன நேரம் பாப்பீங்க"ன்னா. அதுக்கப்புறம் நான் அந்தக் கார கட்டிப் பாக்குற பக்கத்துல வெளிப்படத்தப் பாக்குறதையே விட்டுட்டேன். ஸ்போர்ட்ஸ் கார்னா வெளிக்கலருதான் எல்லாம்னு நெனச்சுட்டு இருந்தோம்ல, அது பக்கத்து வண்டிக்காரனுக்கு. நமக்குத் தெரியப்போறது பானட்டோட ரெண்டு மேடு, இந்தக் கதவுப் பட்டை, சீட்டு, டேஷ்போர்டு, அவ்ளோதான். கூரை தெறந்த வண்டில இன்னும் மோசம், உள்ள இருக்குறது எல்லாம் ஊருக்கே தெரியும், அதனால சீட்டுக் கலரும் வெளிக்கலருதான். ரெண்டையும் தனித்தனியா எடுக்கவே கூடாது.

இன்னொன்னு நடந்துச்சு. அந்தக் கார் வெளிய வந்து ஒரு இருபத்தஞ்சு நிமிஷம் ஆயிருக்கும், ஜூலை மாசம், 100 டிகிரிக்கு மேல, நம்ம கணக்குல 38, 39 இருக்கும். நான் ஷார்ட்ஸ் போட்டுட்டுப் போயிருந்தேன். கருப்பு லெதர். உக்காந்த வேகத்துல எந்திரிச்சேன், தொடைக்குப் பின்னாடி தோசைக்கல்லுல வச்ச மாதிரி. வீட்டுக்காரி எப்படி உக்காந்திருக்கான்னு பாத்தா துப்பட்டாவ மடிச்சு அடில போட்டிருக்கா. இந்த வண்டில சீட்டு சூடாக்குற வசதி இருக்கு, குளுமையாக்குற வசதி இல்ல. டெக்சாஸ்ல இது எந்த ஊரு நியாயம்னு தெரியல. பஸ்ல துண்டு போட்டு எடம் பிடிச்ச ஊர்க்காரன், முப்பதாயிரத்துச் சொச்சம் டாலர் கொடுத்து வாங்குற கார்லயும் துண்டு போட்டுத்தான் உக்காரணும்னா எப்படி? கருப்பு லெதர் அன்னிக்கே அவுட்.

அப்போ வேற என்ன இருக்கு? இங்கதான் கடுப்பு. புடவைன்னா உடம்பும் பார்டரும் ஆயிரம் ஜோடி கிடைக்கும், காருல கம்பெனி வச்ச ஜோடிதான். ஒரே கார வசதிக்குத் தகுந்த மாதிரி அடி, நடு, உச்சின்னு பிரிச்சு விப்பாங்க, அதுக்குப் பேரு ட்ரிம், எந்த சீட்டு எந்த ட்ரிம்ல வரும்னு ஒரு கணக்கு, அந்த சீட்டு எந்த வெளிக்கலரோட சேரும்னு அதுக்குள்ள இன்னொரு கணக்கு. அடி ட்ரிம்ல துணி சீட்டு மட்டும். நடு ட்ரிம்ல காசு சேத்துப் போட்டா பந்தயக்கார் மாதிரி ரெகாரோ சீட்டு. லெதர் வேணும்னா உச்சில இருக்குற கிராண்ட் டூரிங்தான் எடுக்கணும், அந்த வருஷம் அதுல டெரகோட்டான்னு ஒரு நாப்பா லெதர், அதாவது மெத்துன்னு இருக்குற லெதர், புதுசா விட்டிருந்தாங்க. பேருக்குத் தகுந்த மாதிரி சுட்ட செங்கல் கலரு, கொஞ்சம் எங்கூரு ஓட்டுவீட்டுக் கூரை மாதிரி. மொதல்ல சீட்ட முடிவு பண்ணுங்க, அப்ப ட்ரிம் தானா முடிவாகிடும், கடைசில வெளிக்கலருக்கு வாங்க. நான் தலைகீழா போயி மூணு வாரத்த வேஸ்ட் பண்ணேன்.

இதுல ஒரு சின்ன விஷயம் சொல்லியே ஆகணும், துணி சீட்ட கேவலமா பாக்காதீங்க. வெயில் ஊருக்கு அதவிட நல்லது எதுவுமில்ல, சுடாது, வழுக்காது, வளைவுல திருப்பும்போது ஆள அப்படியே பிடிச்சுக்கும். "லெதர் இல்லையா"ன்னு கேக்குறவங்களுக்காக மட்டும் லெதர் எடுக்குறவங்கதான் அதிகம், நானும் அதுல ஒருத்தன், ஒத்துக்கிறேன்.

பிளானோ பக்கம் மாசத்துல ஒரு சனிக்கிழமை காலைல கார் பைத்தியங்க எல்லாம் காப்பிக் கப்போட ஒரு பார்க்கிங் லாட்ல கூடுவாங்க. அங்க போனது நான் பண்ண உருப்படியான வேலை. புதுக்கார் எல்லாம் அழகாத்தான் இருக்கும், அஞ்சு வருஷம் ஆன காரப் பாருங்க. அங்க வெளிர் கலர் சீட்டு போட்ட ஒரு மியாட்டால டிரைவர் சீட்டோட வெளிப்பக்க மேடு முழுக்க நீலம் பாஞ்சிருந்துச்சு. ஜீன்ஸ் சாயம். வண்டி தாழ்வா இருக்கு, உக்காரும்போது விழுந்துதான் உக்காரணும், எந்திரிக்கும்போது தேச்சுக்கிட்டுத்தான் எந்திரிக்கணும், அந்த ஒரே எடத்துலதான் எல்லா உராய்வும். "ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா தொடைக்கிறேன், போக மாட்டேங்குது"ன்னாரு அந்தக் காரோட சொந்தக்காரர். பக்கத்துல ஒரு கருப்புக் காரு, தூரத்துல ராஜா மாதிரி நிக்குது, கிட்டப் போயி சூரியன் படுற எடத்தப் பாத்தா வட்ட வட்டமா சிலந்தி வலை மாதிரி கீறல், மெஷின் வாஷுல விட்டதோட புண்ணியம். கருப்பு எடுக்குறவங்க கார் எடுக்கல, ஒரு வேலைக்குச் சேர்றாங்க.

அங்கயே ஒரு 1991 மாடல் பச்சை மியாட்டாவும் நின்னுச்சு. பிரிட்டிஷ் ரேஸிங் கிரீன், உள்ள டான் லெதர், மரத்துல கியர் தலை. பழைய காலத்துல பந்தயத்துல நாட்டுக்கு ஒரு கலர்னு வச்சிருந்தாங்க, இத்தாலிக்கு சிவப்பு, ஃபிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை, பின்னாடி சில்வர், இங்கிலாந்துக்கு பச்சை. அந்தப் பச்சையையும் டான் லெதரையும் ஜோடி சேத்து லிமிட்டடா விட்ட வண்டி அது. அதப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் வேணாம்னு தோணுச்சு, ஆனா 2022ல அமெரிக்காவுல மியாட்டாவுக்கு பச்சையே கிடையாது. இருக்குறதுல பாதி கிரே ஜாதி. உலகத்துலயே அதிகமா விக்கிறது வெள்ளைக் காருதான், அதுக்கப்புறம் கருப்பும் கிரேவும், அப்புறம் எவன் பச்சை அடிப்பான். பொண்ணுக்கு நீலம் பிடிச்சுது. "அப்பா, கிரே எடுத்தா டீச்சர் கார் மாதிரி இருக்கும்ப்பா"ன்னா. இருந்தாலும் சிவப்புதான் ஃபைனல்ங்கிற மாதிரி போயிட்டு இருந்துச்சு.

சிவப்பக் கவுத்தது பெயிண்ட் வேலை பாக்குற ஒரு மெக்சிகோக்காரர், பழைய வேனுக்கு பம்பர் பண்ணிக் கொடுத்த பழக்கம். அவரு சொன்னாரு, இந்த மூணு பூச்சு சிவப்புல ஒரு எடத்துல அடிபட்டா அந்த எடத்த மட்டும் அடிக்க முடியாது, நடுப் பூச்சு ஒரு சுத்து கூடினாலே கலர் இருட்டிடும், பக்கத்துப் பலகை வரைக்கும் இழுத்துக் கலக்கி விடணும்னு. (சிவப்புக் காருக்கு இன்சூரன்ஸ் ஜாஸ்தின்னு ஆஃபீஸ்ல சொன்னாங்க, அது சுத்தப் புருடா, இங்க இன்சூரன்ஸ்காரன் கலரே கேக்குறதில்ல.) நமக்கு எதுக்கு வம்பு, அடக்கமா ஒரு கிரே எடுத்துக்குவோம், செங்கல் லெதருக்கு கிரேதான் பொருத்தமும் கூட, கருங்கல் சுவரும் ஓடும் மாதிரின்னு என்னையே சமாதானப்படுத்தி மெஷின் கிரேவும் டெரகோட்டாவும் சொல்லிட்டேன். அந்த கிரேவுக்கும் எக்ஸ்ட்ரா காசு வாங்குனாங்க. ஏன் ஒரு கிரேவுக்கு எக்ஸ்ட்ரா காசுன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

நாலு மாசம் கழிச்சு வண்டி வந்துச்சு. டெலிவரிக்கு ராத்திரி ஏழு மணிக்கு வரச் சொன்னாங்க, முடியாதுன்னு மறுநாள் காலைல போனேன். போறதுக்கு முன்னாடியே ஃபோன் பண்ணி, "பிளாஸ்டிக்க மட்டும் உரிங்க, கழுவாதீங்க, பாலிஷ் போடாதீங்க"ன்னு எழுதி வாங்கிட்டேன். டீலர்ஷிப்ல வாளில இருக்குற அதே துணியால நாப்பது காரத் தொடைப்பாங்க, புதுக்காருல மொதக் கீறல் விழுறது அங்கதான். வெயில்ல நிறுத்தி பம்பரும் பக்கத்து ஃபெண்டரும் (முன் சக்கரத்துக்கு மேல இருக்குற தகடு) சேர்ற எடத்தப் பாத்தேன், பம்பர் பிளாஸ்டிக், இந்த வண்டில ஃபெண்டரும் பானட்டும் அலுமினியம், மெட்டாலிக்ல ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூல் வித்தியாசம் எந்தக் கார்லயும் இருக்கும், அத மொத நாளே பாத்து வச்சுக்கிட்டா பின்னாடி "இது அடிபட்ட வண்டியோ"ன்னு சந்தேகம் வராது. அங்கிருந்து நேரா மூக்குப் பக்கத்துக்கும் சைடு கண்ணாடிக்கும் பின் சக்கரத்துக்கு முன்னாடி புடைச்சு நிக்கிற எடத்துக்கும் பெயிண்ட்டக் காப்பாத்துற கண்ணாடி மாதிரி ஃபிலிம் ஒட்டக் கொடுத்துட்டேன். ஹைவேல ஓட்டி கல்லு பட்ட அப்புறம் ஒட்டுறதுல புண்ணியம் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல பூஜை. நாலு எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் சரி, ஐயர் பானட்ல மஞ்சளும் குங்குமமும் கொழச்சு ஸ்வஸ்திக் போட்டாரு, நான் மனசுக்குள்ள "சாமி, கம்மியா"ங்குறேன். மஞ்சள் வெயில்ல காஞ்சா கிளியர் கோட்ல கறையா தங்கிடும்னு பயம், வீட்டுக்கு வந்ததும் நெறைய தண்ணி விட்டு ஊற வச்சு, தேய்க்காம எடுத்துட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா வீட்டுக்காரி மடில இருந்த குங்குமப் பொட்டலம் பிரிஞ்சு சீட்டுத் தையல்ல கொட்டிடுச்சு. பிரஷ்ஷால முடிஞ்சவரைக்கும் எடுத்தேன். மீதி இன்னிக்கும் அந்தத் தையலுக்குள்ள இருக்கு, செங்கல் கலர்ல யாருக்கும் தெரியாது, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரியும்.

ஆறாவது மாசம் மளிகைக்கடை பார்க்கிங்ல காத்துக்கு ஒரு தள்ளுவண்டி உருண்டு வந்து பின் பம்பர் மூலைல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுச்சு. ரெண்டு விரல் நீளம். அதே மெக்சிகோக்காரர்கிட்டப் போனேன். கதவத் தெறந்து ஸ்டிக்கர்ல கலர் நம்பர் பாத்தாரு, 46ஜி. ஒரு மாதிரி சிரிச்சாரு. "இதுவும் மூணு பூச்சுதான், தெரியுமா?" சிவப்புக்குப் பண்ற அதே முறைலதான் மாஸ்டாக்காரன் இந்த கிரேவையும் பண்றான், கருப்பு நிறமியோட ரொம்ப மெல்லிசான அலுமினியத் துகள், ஒரு இரும்புத்துண்டக் கடைஞ்சு வச்ச மாதிரி தெரியணும்னு. அதுக்குத்தான் அந்த எக்ஸ்ட்ரா காசு. நான் ஓடி ஒளிஞ்ச எடமும் அதே வீடுதான். விக்கிறவரு ஒரு வார்த்தை சொல்லல, நானும் கேக்கல, அவரத் திட்டி என்ன பிரயோஜனம். மாஸ்டாவோட ஸ்னோஃப்ளேக் வெள்ளையும் முத்துப் பூச்சுதான், அதுவும் சும்மா இல்ல. எந்தக் கலர் எடுத்தாலும் புக் பண்றதுக்கு முன்னாடி உங்க ஊரு பெயிண்டர்கிட்ட அந்தக் கலர் நம்பரக் காட்டி ஒரு பம்பர் மூலைக்கு எவ்வளவுன்னு கேட்டுட்டு எடுங்க. எனக்கு 1,100 டாலர்னாரு. அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு அட்டைல அடிச்சு வெயில்ல வண்டி மேல வச்சுப் பாத்தோம், மூணாவது அட்டைதான் சேந்துச்சு. அந்த அட்டை விஷயத்த விடாதீங்க, நல்ல பெயிண்டர் அவரே பண்ணுவாரு, பண்ணலேன்னா கேளுங்க. அப்பாகிட்ட இதச் சொன்னப்போ அவருக்கு ஆச்சரியமே இல்ல, "சாயத்துல லாட்டு மாறினா அதே கலர் வராதுடா, அதுக்குத்தான் ரவிக்கைத்துணிய புடவையோடயே நெய்யிறான்".

கிரேல இன்னொரு கஷ்டம் யாரும் எங்கிட்டச் சொல்லல. இந்த வண்டியோட மொத்த உயரமே 1.24 மீட்டர். டல்லாஸ் ஹைவேல சுத்தி ஓடுறது எல்லாம் மாடி வீடு மாதிரி பிக்கப். ரோடும் கிரே, மழை நாள்ல வானமும் கிரே, நானும் கிரே. மொத வருஷம் மூணு தடவ என் மேலயே லேன் மாறி வந்துட்டாங்க, ஹாரன் அடிச்சுத்தான் உயிர் பிழைச்சேன். ஆஸ்திரேலியாவுல மோனாஷ் யுனிவர்சிட்டி 2007ல ஒரு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, பகல்ல வெள்ளைக் காரோட ஒப்பிட்டா கருப்பு, கிரே, சில்வர் மூணுக்கும் மோதுற அபாயம் 10ல இருந்து 12 சதவீதம் வரைக்கும் அதிகம்னு. இத வண்டி வாங்குன அப்புறம் படிச்சேன், வழக்கம்போல. இப்ப பட்டப்பகல்லயும் ஹெட்லைட் போட்டுத்தான் ஓட்டுறேன், பிக்கப்புக்குப் பக்கத்துல ஒட்டி ஓட்டுறதே இல்ல, ஒண்ணு முன்னாடி இல்லேன்னா பின்னாடி. தாழ்வான வண்டி எடுக்குறவங்க கண்ணுல படுற கலரா பாத்து எடுங்க, மஞ்சளோ ஆரஞ்சோ எதுவோ. 2019ல முப்பதாம் வருஷத்துக்குன்னு ஆரஞ்சுல ஒரு மியாட்டா விட்டாங்க, உலகத்துக்கே மூவாயிரம் வண்டிதான். அப்ப "என்னடா லாரிக்காரன் கலரு"ன்னு சிரிச்சேன். இப்ப சிரிக்க மாட்டேன்.

ஆனா சீட்டு விஷயத்துல ஒரு நாளும் வருத்தப்படல. மூணு வருஷம் ஆச்சு. வெயில்ல நின்னா சுடும்தான், இல்லேன்னு சொல்லல, ஆனா கருப்பு மாதிரி எந்திரிச்சு குதிக்க வேண்டியதில்ல. ஜீன்ஸ் சாயம் ஏறுது, செங்கல் மேல நீலம் ஏறினா லேசா அழுக்கு பட்ட மாதிரி தெரியும், மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை லெதர் கிளீனரும் மெல்லிசான பிரஷ்ஷும் எடுத்து வட்டமா தேச்சு ஈரத்துணில எடுத்தா போயிடும், தள்ளிப் போட்டாத்தான் உள்ள இறங்கும். டேஷ்போர்டு மேல்பக்கம் கருப்பாவே இருக்குறது பெரிய புண்ணியம், வெளிர் கலர் டேஷ்போர்டு இருந்தா வெயில்ல அதோட பிம்பம் முன்கண்ணாடில அடிச்சு ரோடே தெரியாது, இது எந்தக் கார் எடுத்தாலும் கவனிக்க வேண்டிய விஷயம், உக்காந்து பாத்தாத்தான் தெரியும்.

போன வருஷம் அப்பா வந்திருந்தாரு. வந்த மறுநாள் காலைல கராஜத் தெறந்து காட்டுனேன். "வெளிய எடு"ன்னாரு. டிரைவ்வேல நிறுத்துனேன். கூரையத் தெறந்தேன். கண்ணாடியக் கழட்டிட்டு ஒரு சுத்து வந்தாரு, கதவத் தெறந்து சீட்டோட ஓரத்த ரெண்டு விரலுக்கு நடுவுல பிடிச்சு, முந்தானையப் பிடிச்சுப் பாக்குற மாதிரியே பாத்தாரு, தையல்ல கெடந்த குங்குமம் அவருக்கு ஒரு செகண்ட்ல தெரிஞ்சுடுச்சு. "பார்டர் ஜோரு"ன்னாரு. அவ்ளோதான், உடம்பப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல.

சாயங்காலம் ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போனேன், அந்த டீலர்ஷிப் வழியாத்தான் போகணும். லாட்ல ஓரமா ஒரு சிவப்பு நின்னுச்சு, ஆறரை மணி வெயிலு சாய்வா அடிக்குது. "அதுதானே நீ அப்ப காட்டுன கலரு, நிறுத்து"ன்னாரு. எறங்கிப் போயி அது பக்கத்துல ரெண்டடி இந்தப் பக்கம், ரெண்டடி அந்தப் பக்கம் நடந்தாரு. விக்கிறவரு ஒருத்தரு ஓடி வந்தாரு, இவரு அவரக் கண்டுக்கவே இல்ல.

திரும்பி வந்து உக்காந்து பெல்ட்டப் போட்டுட்டு, "ஓடுதுடா"ன்னாரு.

"எது?"

"கலரு."

நான் ஹெட்லைட்டப் போட்டு வண்டிய எடுத்தேன்.